நிற்கும் படமும் ஓடும் படமும்

ஒரு முட்டை. பழுப்பு நிறம், வெள்ளைப் பின்னணி, அவ்வளவுதான். 2019 ஜனவரி 4-ம் தேதி இந்தப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டு, உலகத்திலேயே அதிக லைக் வாங்கிய பதிவாக இதை ஆக்கிக் காட்டுவோம் வாருங்கள் என்று அழைப்பு விடுத்தார் பெயர் சொல்லாத ஓர் ஆசாமி. அதுவரை அந்தப் பட்டம் அமெரிக்கப் பிரபலம் கைலி ஜென்னரிடம் இருந்தது. பிறந்த பெண் குழந்தையின் பிஞ்சுக் கையைக் காட்டும் படம் அது. லைக் 1.8 கோடிச் சொச்சம். முட்டை பத்து நாட்களில் அதைத் தாண்டியது. பிறகு 5 கோடியையும் தாண்டியது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் அசைக்க ஆளில்லை. 2022 டிசம்பரில் உலகக் கோப்பையோடு நின்ற லியோனல் மெஸ்ஸியின் புகைப்படங்கள் வந்துதான் முட்டையை இரண்டாம் இடத்துக்குத் தள்ளின. மெஸ்ஸிக்கு 7 கோடிக்கு மேல்.

நம் ஊர்க் கணக்கும் இதே ஜாதிதான். 2024 ஜூன் 29 அன்று பார்படாஸில் இந்தியா டி-20 உலகக் கோப்பையை வென்ற பிறகு விராட் கோலி சில புகைப்படங்களைப் போட்டார். 2 கோடிக்கு மேல் லைக். ஓர் இந்தியரின் பதிவுக்கு அதுவரை வந்திராத எண்ணிக்கை. முட்டை, மெஸ்ஸி, கோலி மூன்றிலும் ஒரு ஒற்றுமை உண்டு. எதுவும் அசையவில்லை. எல்லாம் நிற்கும் படங்கள்.

ஆனால் சினிமா நட்சத்திரத்துக்கோ கிரிக்கெட் அணிக்கோ அரசியல் கட்சிக்கோ சமூக ஊடகக் கணக்கைக் கவனித்துக் கொடுக்கும் நிபுணர்களைக் கேட்டுப்பாருங்கள். பத்து ஆண்டுகளாக ஒரே மந்திரம்தான் சொல்கிறார்கள். வீடியோ போடுங்கள். இன்னும் வீடியோ போடுங்கள். புகைப்படக் காலம் முடிந்துவிட்டது. இதில் யார் சொல்வது சரி என்று பார்ப்பது வெறும் வம்பு இல்லை. ரசிகர் என்ற ஜீவனின் நேரமும் காசும், ஒரு சந்தர்ப்பத்தில் உயிரும், இந்தக் கணக்கில் அடங்கியிருக்கின்றன.

முதலில் நாம் ரசிகர்களாக இருந்த விதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். நட்சத்திரத்துக்குக் கடிதம் எழுதினால் கையெழுத்துப் போட்ட போட்டோ தபாலில் வரும். வராமலும் போகும். பத்திரிகையின் நடுப்பக்கத்தைப் பின் கழற்றிப் பிரித்துச் சுவரில் ஒட்டினார்கள். காலண்டரில் லட்சுமிக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். இருந்தார். ஆட்டோவின் முதுகில் ரஜினி வந்தார். படம் என்பது சொந்தமாக வைத்துக்கொள்ளும் பொருள். ஓடும் படமோ நாம் தேடிப்போக வேண்டிய இடம். கொட்டகைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் 'ஒளியும் ஒலியும்' வரும் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டும். தில்லியிலும் கல்கத்தாவிலும் இருந்த தமிழர்கள் பாடு இன்னும் மோசம். தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படங்களின் வரிசையில் தமிழின் முறை வரும்வரை அஸ்ஸாமியும் ஒரியாவும் பார்த்துப் பொறுமை வளர்த்துக்கொண்டார்கள். (அதில் நல்ல படங்கள் பார்க்கக் கிடைத்தன என்பது வேறு விஷயம்.)

நிற்கும் படம் வீட்டுச் சொத்து, ஓடும் படம் வெளியில் நடக்கும் திருவிழா. இந்தப் பழைய பாகுபாடு செல்போனுக்குள் வந்த பிறகும் முழுசாக அழியவில்லை என்பது என் எண்ணம்.

செல்போனில் முதலில் ஜெயித்தது புகைப்படம்தான். 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் தொடங்கியபோது அதில் வீடியோவே கிடையாது. 2013 ஜூனில்தான் 15 விநாடி வீடியோவுக்கு இடம் தந்தார்கள். இந்தியாவில் அப்போது அதைச் சீந்தியவர்கள் குறைவு. இதற்கு ரசனை காரணம் இல்லை, பர்ஸ் காரணம். டிராய் கணக்குப்படி 2014-ல் ஒரு ஜி.பி. டேட்டாவின் சராசரி விலை சுமார் 269 ரூபாய். அந்த விலைக்கு ஒரு டீசரைப் பத்து தரம் பார்க்கும் ரசிகர் நிஜமாகவே தியாகிதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. மற்ற கம்பெனிகளும் விலையை இறக்கின. 2018-ல் அதே ஒரு ஜி.பி. 12 ரூபாய்க்குக் கீழே. டீக்கடையில் ஒரு கிளாஸ் டீ விலைக்கு ஒரு ஜி.பி. டிக்டாக் நம் கிராமங்களுக்குள் வெள்ளமாகப் பாய்ந்தது இந்த மடை திறந்த பிறகுதான். எல்லைத் தகராறையொட்டி 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்குக்கு இங்கே சுமார் 20 கோடிப் பேர் இருந்தார்கள். நாற்காலி காலியான மறு மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் என்ற பெயரில் அதில் உட்கார்ந்தது.

மக்கள் புகைப்படத்தை வெறுத்து வீடியோவுக்குத் தாவினார்கள் என்று சொல்வது பாதி உண்மை. விலை இறங்கியது ஒரு காரணம். கடைக்காரர் விற்க விரும்பியது இன்னொரு காரணம். வீடியோ விளம்பரத்துக்கு விலை அதிகம். ஆளை அதிக நேரம் உட்கார வைக்கும். 2016 ஜூனில் ஃபேஸ்புக்கின் ஐரோப்பியத் தலைவர் நிக்கோலா மெண்டல்சன், ஐந்து ஆண்டுகளில் ஃபேஸ்புக் பெரும்பாலும் வீடியோ மயமாகிவிடும் என்று ஆரூடம் சொன்னார். எழுத்து, படம் எல்லாம் பழங்கதை என்ற தொனி. பத்திரிகை ஆபீஸ்கள் அதைக் கேட்டு நடுங்கின. அமெரிக்காவில் பல செய்தி நிறுவனங்கள் எழுத்தாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வீடியோ எடுப்பவர்களைச் சேர்த்தன.

மூன்றே மாதத்தில் குட்டு உடைந்தது. 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது. ஒரு வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று கணக்கிட்டபோது, 3 விநாடிக்குக் குறைவாகப் பார்த்துவிட்டு ஓடியவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பரீட்சையில் ஃபெயிலான பையன்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு வகுப்பின் சராசரி மார்க் போடுவது போல. இதனால் இரண்டு ஆண்டுகளாகச் சராசரி 60 முதல் 80 சதவிகிதம் வரை உப்பியிருந்தது. தவறுதலாக நடந்தது என்றது கம்பெனி. விளம்பரதாரர்கள் வழக்குப் போட்டார்கள், உப்பல் அதைவிடப் பல மடங்கு என்றார்கள். 2019-ல் 4 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது ஃபேஸ்புக். வீடியோவை நம்பித் திசை திரும்பிய நிறுவனங்களில் ஒன்றான 'மிக்' 2018 நவம்பரில் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு விலை போனது. அந்த 4 கோடியில் வேலை போன எழுத்தாளர்களுக்குப் பங்கில்லை.

இந்தச் சம்பவத்தை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'எங்கள் தலைவர் டீசருக்கு ஒரே நாளில் இத்தனை கோடி வியூஸ், உங்கள் ஆள் போஸ்டருக்கு இத்தனை லட்சம்தான் லைக்' என்று ரசிகர்கள் மல்லுக்கு நிற்கிறார்களே, அவர்கள் ஒப்பிடுவது லிட்டரையும் கிலோவையும். லைக் என்பது ஒருவர் விரலை நகர்த்திச் செய்த காரியம். வியூ என்பது பல சமயங்களில் அவர் விரலை நகர்த்தாமல் இருந்த காரியம். வீடியோ தானாக ஓட ஆரம்பிக்கிறது. ஃபேஸ்புக்கில் 3 விநாடி தாண்டினால் ஒரு வியூ என்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. விளம்பர உலகத்தின் அளவுகோல் இன்னும் தாராளம். வீடியோவில் பாதி திரையில் தெரிந்தபடி 2 விநாடி ஓடினால், பார்க்கும்படி இருந்தது என்று எழுதிக்கொள்ளலாம். யூட்யூப் தன் குறும்படத் துண்டுகளான ஷார்ட்ஸுக்கு 2025 மார்ச் 31 முதல் அந்த வாசலையும் எடுத்துவிட்டது. ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ. மறுநாள் காலையில் பலருடைய எண்ணிக்கை ஏறியிருக்கும், ரசிகர் ஒருவர்கூட ஏறியிருக்க மாட்டார்.

கொட்டகைப் பக்கம் நடந்துபோனவரையெல்லாம் டிக்கெட் வாங்கியவராக எழுதிக்கொண்ட தியேட்டர் முதலாளி எந்த ஊரிலும் இருந்ததில்லை. இருந்திருந்தால் விநியோகஸ்தர் சும்மா விட்டிருக்க மாட்டார்.

எண்ணிக்கையை விட்டு, வேலை என்ன என்று பார்த்தால் தெளிவு கிடைக்கிறது. தில்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில் ஒரு கல்லூரி மாணவன் இருக்கிறான். தமிழ் நடிகர் ஒருவரின் பெயரில் ரசிகர் பக்கம் நடத்துகிறான். தமிழ் பேசுவான், எழுதத் தடுமாறுவான். லிஃப்டில் பார்த்தபோது கேட்டேன், போட்டோ நல்லதா வீடியோ நல்லதா என்று. யோசிக்கவே இல்லை. "போட்டோவுக்கு நம்ம ஆளுங்க வருவாங்க அங்கிள். ரீல்ஸுக்கு யாருன்னே தெரியாதவங்க வருவாங்க" என்றான். "யாருன்னே தெரியாதவங்க வந்து என்னப்பா செய்வாங்க?" என்றேன். "ஒண்ணும் செய்ய மாட்டாங்க. போய்டுவாங்க. ஆனா நூறு பேர்ல ரெண்டு பேர் இருந்துடுவாங்க அங்கிள்."

இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஒரு பதிவை யாருக்குக் காட்டுவது என்று அவர்களுடைய கணினி முடிவெடுக்கும்போது மூன்று விஷயங்களுக்கு முதலிடம். எவ்வளவு நேரம் பார்த்தார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் போட்டார்கள், எத்தனை பேர் நண்பருக்கு அனுப்பினார்கள். ஏற்கெனவே பின்தொடர்பவர்களிடம் போய்ச் சேர லைக் சற்று அதிகம் உதவும். புதியவர்களிடம் போய்ச் சேர, அனுப்புவது அதிகம் உதவும். உறவுக்காரர்களுக்குப் பத்திரிகை வைப்பதும் ஊருக்குத் தண்டோரா போடுவதும் வேறு வேறு என்பது இதன் அர்த்தம். பொதுவாகப் புகைப்படம் முதல் வேலையை நன்றாகச் செய்கிறது. குட்டி வீடியோ இரண்டாவதை.

பத்திரிகை வைக்கும் வேலைக்கு நம்மிடம் உள்ள நல்ல உதாரணம் நெய்வேலி. 2020 பிப்ரவரி. 'மாஸ்டர்' படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. நடிகர் விஜய்யிடம் வருமான வரித்துறை விசாரணை நடத்தி முடித்திருந்த சமயம். சுரங்கத்தின் வாசலில் தினமும் ரசிகர்கள் கூடினார்கள். விஜய் ஒரு வேன் மேல் ஏறி, கூட்டத்தைப் பின்னணியாக வைத்து செல்ஃபி எடுத்து ட்விட்டரில் போட்டார். அந்த ஆண்டு இந்தியாவில் அதிகம் மறுபதிவு செய்யப்பட்ட ட்வீட் அதுதான் என்று டிசம்பரில் ட்விட்டரே அறிவித்தது. அன்று அந்த இடத்தில் வீடியோவும் ஏராளமாக எடுத்தார்கள், எல்லா டி.வி.யிலும் ஓடியது. அப்படியிருந்தும் நிலைத்தது படம். காரணம் லேசானது. அந்தப் படத்தில் இருப்பவர் ஒருவர் இல்லை. தலைவர் ஒரு ஓரத்தில், ரசிகர் கடல் மற்ற இடம் முழுக்க. பெரிதாக்கித் தன் முகத்தைத் தேடலாம், தேடினார்கள். ஓடும் படத்தில் அப்படி நின்று தேட முடியாது. அதற்குள் காட்சி நகர்ந்துவிடும்.

தண்டோராவுக்கு உதாரணம் தனுஷ். 2011 நவம்பரில் 'கொலவெறி'. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பையன் மைக் முன்னால் நின்று பாடுகிறான், சிலர் வேடிக்கை பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள். செட் இல்லை, குரூப் டான்ஸ் இல்லை. தமிழ் தெரியாத ஊரெல்லாம் அதைப் பாடியது. இதே படத்தின் போஸ்டரைப் பார்த்து பஞ்சாபில் யாரும் தலையைத் திருப்பியிருக்க மாட்டார்கள். பிறகு 2019 ஜனவரியில் 'ரவுடி பேபி'. தனுஷும் சாய் பல்லவியும் ஆட, நடன அமைப்பு பிரபுதேவா. 2020 நவம்பர் 16 அன்று யூட்யூபில் 100 கோடி வியூஸ் தொட்டது. அன்று கொலவெறிக்கு ஒன்பதாவது பிறந்தநாள் என்பது தற்செயல். இந்த 100 கோடியை முன்னே சொன்ன 2 விநாடிக் கணக்கோடு சேர்க்கக் கூடாது. பாட்டைத் தேடிப்போய், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தவர்கள் ஏராளம். வீடியோ நன்றாக வேலை செய்யும்போது அது பார்ப்பதற்கு மட்டும் இல்லை. நானும் ஆடிப் பார்க்கிறேன் என்று எழுந்திருக்க வைக்கிறது. 2022-ல் 'அரபிக் குத்து'வுக்குக் கல்யாண மண்டபங்களில் பெரியப்பாக்கள் ஆடியதை நாம் பார்க்கவில்லையா?

ஒன்று வைத்துக்கொள்ள, மற்றது ஆடிப் பார்க்க. இந்த இடத்தோடு ஒப்பீட்டை முடித்துவிட்டு ஆளுக்கொரு டிப்ஸ் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் 2025 ஜூன் 4 நடந்துவிட்டது.

அதற்கு முந்தைய இரவு ஆமதாபாதில் ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு 18 ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு முதன்முறையாக ஐ.பி.எல். கோப்பையை வென்றது. மறுநாள் பிற்பகல் பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசல்களில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். 50-க்கும் மேற்பட்டோருக்குக் காயம். ஸ்டேடியத்தில் 35 ஆயிரம் பேர்தான் உட்கார முடியும். வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் அதிகம் என்றது கர்நாடக அரசு, உயர்நீதிமன்றத்தில் கொடுத்த அறிக்கையில்.

அந்த அறிக்கையில் ஒரு நேரப் பட்டியல் இருக்கிறது. சமூக ஊடக நிபுணர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியல். காலை 7.01-க்கு அணியின் அதிகாரபூர்வ கணக்கில் ஒரு படம்: விதான சௌதாவிலிருந்து ஸ்டேடியம்வரை வெற்றி ஊர்வலம், அனைவரும் வரலாம், அனுமதி இலவசம். 8 மணிக்கு அதே அழைப்பு இன்னொரு முறை. 8.55-க்கு வீடியோ: பெங்களூர் மக்களோடு வெற்றியைக் கொண்டாடப்போகிறோம் என்று விராட் கோலி பேசுகிறார். பிற்பகல் 3.14-க்கு நான்காவது பதிவு: மாலை 5 மணிக்கு ஊர்வலம், ஸ்டேடியத்துக்குள் போக இலவச பாஸ், எண்ணிக்கை குறைவு, வலைத்தளத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போலீஸின் முறையான அனுமதி இல்லாமலேயே இந்த அழைப்புகள் போயின என்கிறது அறிக்கை. நான்கு பதிவுகளையும் சேர்த்து 44 லட்சம் வியூஸ். முதல் படத்துக்குச் சுமார் 16 லட்சம், கோலியின் வீடியோவுக்குச் சுமார் 7.6 லட்சம், கடைசிக்குச் சுமார் 17 லட்சம்.

நாட்டிலேயே அதிகம் பின்தொடரப்படும் விளையாட்டு வீரரின் வீடியோவைவிட, நேரமும் இடமும் எழுதிய ஒரு நோட்டீஸ் இரண்டு மடங்கு பேரிடம் போயிருக்கிறது. வீடியோதான் வெல்லும் என்பவர்களுக்கு இது ஒரு பதில். ஆனால் 16 லட்சம் பேரில் எத்தனை பேர் செருப்பை மாட்டிக்கொண்டு மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்கள் என்று எந்த எண்ணும் சொல்லாது. 7.6 லட்சத்தில் எத்தனை பேர் என்றும் சொல்லாது. இடத்தையும் நேரத்தையும் படம் சொன்னது. வா என்று கூப்பிட்டது ஒரு முகமும் குரலும். இந்த இரண்டும் ஒரே காலையில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் ரசிகர் என்ன செய்வார்? கிளம்புவார். அப்படிக் கிளம்புவதற்குத்தானே ஆண்டு முழுக்க அவரைப் பழக்குகிறார்கள்?

எத்தனை பேருக்கு இடம் என்ற முக்கியமான தகவல் 3.14 மணிப் பதிவில் வந்தது. அப்போது மக்கள் ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். பல லட்சம் பேர் கூடிய இடத்தில் செல்போன் வலைப்பின்னல் திணறும் என்பது மாநாட்டுக்கோ மகாமகத்துக்கோ போன எல்லோருக்கும் தெரியும். அங்கே வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும், திறக்காது. பெரிய எழுத்தில் நான்கு வார்த்தை போட்ட படம் ஒருவேளை வரும். வந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டலாம். சத்தம் கேட்க வேண்டியதில்லை. ஆளைத் திருப்பி அனுப்ப வேண்டிய அவசர நேரத்தில் நிற்கும் படத்துக்கு இணை இல்லை என்பேன். ஆனால் அதைப் போடுவதற்கு அங்கே யாருக்கும் மனம் வர வேண்டும். கூட்டம் சேர்க்கச் சம்பளம் வாங்குபவருக்குக் கூட்டத்தைக் கலைக்கும் படம் தயாரித்து வைக்கத் தோன்றாது. இன்னொரு சிக்கலும் உண்டு. இன்ஸ்டாகிராம் 2016-லேயே, நேர வரிசைப்படி பதிவுகளைக் காட்டும் வழக்கத்தை விட்டுவிட்டது. காலையில் போட்ட அழைப்பு பிரபலமானால் அது மாலையிலும் மேலே வரும். மாலையில் போட்ட எச்சரிக்கைக்கு லைக் விழாது, அது கீழே கிடக்கும்.

மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் 2025 ஜூலை 1 அன்று, கூட்டம் சேர்ந்ததற்கு முதல் பார்வைக்கு அணி நிர்வாகமே பொறுப்பு என்றது. போலீஸிடம் மந்திரக்கோல் இல்லை என்ற ரீதியில் போலீஸுக்காகப் பரிந்து பேசியது. தங்களை விசாரிக்காமலேயே இப்படிச் சொல்லிவிட்டார்கள் என்று அணி நிர்வாகம் உயர்நீதிமன்றம் போனது. பாஸ் உண்டு, எண்ணிக்கை குறைவு என்று நாங்கள் சொல்லத்தானே செய்தோம் என்பது அவர்கள் வாதம். எப்போது சொன்னார்கள் என்பதைத்தான் மேலே பார்த்தோம். அரசும் தன் பங்குக்கு விதான சௌதா படிக்கட்டில் பாராட்டு விழா நடத்தியதையும் மறக்க வேண்டாம். அங்கே மந்திரிகளும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு பெரிய ஆட்கள் விவகாரத்தில் சின்ன ஆட்கள் கண்ணில் படுவதில்லை. நட்சத்திரத்துக்கு வீடியோ எடுக்க ஒரு படையே இருக்கிறது. ஒரு நாதஸ்வரக் கலைஞருக்கோ கிராமத்துக் கரகாட்டக் குழுவுக்கோ, கோயில் சிற்பங்களைப் படம் எடுக்கும் அமெச்சூருக்கோ யார் இருக்கிறார்கள்? அவர்களில் பலர் புகைப்படம் போட்டே ஒரு சின்ன ரசிகர் வட்டத்தைச் சேர்த்திருந்தார்கள். 2021 ஜூனில் மொசேரி, நாங்கள் இனி வெறும் புகைப்படச் செயலி இல்லை என்று அறிவித்தார். அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் தங்கள் படங்கள் பாதிப் பேருக்குக்கூடப் போவதில்லை. வாடகை ஏற்றியதைச் சொல்லாமல் பூட்டை மாற்றிய வீட்டுக்காரர் கதை. 2022 ஜூலையில் முழுத்திரை வீடியோ மயமாக்கப் போனபோது உலகமெங்கும் கூச்சல் எழுந்தது. சாதாரணப் புகைப்படக்காரர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டபோது நடக்காத காரியம், கைலி ஜென்னரும் அவர் அக்காள் கிம் கர்தாஷியனும் முகம் சுளித்ததும் நடந்தது. சில நாட்களில் பின்வாங்கினார்கள். 2023 ஜனவரியில், முந்தைய ஆண்டு வீடியோமேல் அளவுக்கு மீறிக் கவனம் வைத்துவிட்டோம் என்று மொசேரியே சொன்னார். நாதஸ்வரக்காரருக்கு அந்த ஓராண்டு யார் திருப்பித் தருவார்கள் என்பது பற்றி அவர் பேசவில்லை.

(அந்த முட்டை என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்காக: ஒரு மாதத்தில் அது விரிசல் விட்டது. கடைசியில் 2019 பிப்ரவரியில் ஒரு வீடியோவில் உடைந்தது, மனநலம் பற்றிய விளம்பரமாக.)

வீடியோவுக்கு இருந்த ஒரு தனி மரியாதையும் இதற்கிடையில் போய்விட்டது. படத்தில் தலையை வெட்டி ஒட்டலாம், வீடியோவில் முடியாது என்று நம்பினோம். 2023 நவம்பரில் லிஃப்டுக்குள் நுழையும் ஒரு பெண்ணின் வீடியோவில் ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை ஒட்டிப் பரப்பியபோது அந்த நம்பிக்கை போனது. ரசிகர் பக்கம் நடத்துகிறவர்கள்தான் அதை முதலில் நம்பாமல் இருந்திருக்க வேண்டும். பல பேர் பகிர்ந்துவிட்டுப் பிறகு யோசித்தார்கள்.

தில்லி, மும்பை, கல்கத்தா, ஆமதாபாத் என்று ஊருக்கு ஊர் தமிழ்ச் சங்கச் செயலாளர்களும் இப்போது ரீல்ஸ் போடத் தொடங்கிவிட்டார்கள். பொங்கல் விழாவுக்கோ கச்சேரிக்கோ கூப்பிட வேண்டுமானால் நோட்டீஸைப் படமாகவே போடட்டும். தேதி, மண்டபம், எந்த மெட்ரோவில் இறங்க வேண்டும் என்பது பெரிய எழுத்தில் இருக்கட்டும். தலைவர் இரண்டு நிமிடம் அன்பு வணக்கம் சொல்லும் வீடியோவை யாரும் கடைசிவரை பார்ப்பதில்லை. அதை விட்டுவிடலாம். வித்வான் ஆலாபனையில் நிமிர்ந்த அந்த 20 விநாடியை மறுநாள் வீடியோவாகப் போடட்டும், வராதவர் அடுத்த முறை வருவார். குழந்தைகள் மாறுவேடப் போட்டிக்கு மட்டும் குரூப் போட்டோ. அதில் தன் பேத்தி எங்கே என்று தேட எல்லாத் தாத்தாவும் வந்துவிடுவார்கள். மண்டபத்தில் நாற்காலி எத்தனை என்பதையும் அந்த முதல் நோட்டீஸிலேயே அச்சடித்துவிடட்டும்.